இன்னொரு மூச்சு

ஒலிப்பதிவில் மூச்சு இரண்டு முறை கேட்டது.

அந்த இசைப்பள்ளியில் ஒரு வகுப்புக்கு ஒரே ஆள்தான். வளர்ந்த பிறகு பாடக் கற்க வருகிறவர்களுக்குக் கூச்சம் அதிகம் என்று, சத்தம் வெளியே போகாதபடி நாலு சுவரிலும் பஞ்சு வைத்து அடைத்த, பழைய கம்பளி நாற்றமடிக்கும் சின்ன அறைகள். மாஸ்டர் பியானோ வாசிப்பார். பாடுகிறவர் சுவரைப் பார்த்து நின்று பாட, முழு வகுப்பையும் பதிவு செய்து கொடுத்துவிடுவார். வீட்டில் அதோடு சேர்ந்து பாட வேண்டும், அதில் மூச்சு கேட்கிற இடத்தில் மூச்சு எடுக்க வேண்டும்.

அங்கே பாடக் கற்க வந்த அவளுக்கு, நாள் முழுக்கத் தொலைபேசியில் வாடிக்கையாளர் புகார் கேட்டு, ஊரார் வசவை வாங்கிக் கட்டிக்கொள்ளும் வேலை. அவள் பாடினால் பக்கத்து வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்துவிடுவார் என்று கணவன் கிண்டலடிப்பான். ஆனால் நாலு வயது மகள் அம்மா பாட்டில்லாமல் தூங்க மாட்டாள். அந்த ஒருத்திக்காகத்தான் சேர்ந்தாள்.

பதிவில் ஒவ்வொரு அடிக்கும் முன்னால், அவள் மூச்சுக்குச் சற்று முந்தி, இன்னொன்று. நீளமாக, ஈரமாக, மிகப் பக்கத்தில். மாஸ்டருடையதாக இருக்கும் என்று அதைப் பிடித்துக்கொண்டே பழகினாள். குரலில் மெருகு ஏறியது. கிண்டலடித்தவனே வாயைப் பிளந்தான். பகலில்தான் தொண்டை கட்டிக்கொண்டே வந்தது. காதில் விழவில்லை, சத்தமாகப் பேசு என்று போனில் எரிந்து விழுந்தார்கள்.

அன்று மாலை மாஸ்டரிடம் கேட்டுவிட்டாள். அவர் பதிவைக் காதில் வைத்துக் கேட்டார். முகத்தில் ஈயாடவில்லை.

"இது நான் இல்லைம்மா. இதோட சேர்ந்தா மூச்சு எடுத்தீங்க?"

தலையாட்டினாள். அவர் பியானோவை மூடினார். உடனே அதை அழிக்கச் சொன்னார், இனிப் பாடவே வேண்டாம் என்றார். ஏன் என்று சொல்லவில்லை.

அங்கேயே அழித்தாள். இருட்டத் தொடங்கிய தெருவில் பயத்தோடு ஓட்டமும் நடையுமாக வந்து, வீட்டுக் கதவைத் திறந்தாள்.

கணவன் சோபாவில் கண்ணயர்ந்திருந்தான். படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது.

உள்ளே பாட்டு. மகளைத் தூங்கவைக்க அவள் பாடும் பாட்டு.

அவளுடைய குரலில்.

ஓடினாள். கைப்பிடி திரும்பவில்லை. மகளைக் கூப்பிட வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. காற்றுதான் வந்தது. நீளமாக. ஈரமாக.

பாட்டு நின்றது.

"அம்மா, வெளிய யாரோ மூச்சு விடறாங்கம்மா."

"யாரும் இல்லடா கண்ணு. நீ தூங்கு." அவள் குரல்தான். அவ்வளவு இனிமை.

அடுத்த அடி வர வேண்டும். வரவில்லை. உள்ளே எதுவோ காத்திருந்தது.

அவளுக்குப் புரிந்தது. அது பாட, முதலில் இவள் மூச்சு எடுக்க வேண்டும். இரண்டு கையாலும் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டாள். நெஞ்சு எரிந்தது. கண் இருண்டது. கை நழுவியது.

மூச்சை இழுத்தாள்.

உள்ளே பாட்டு தொடங்கியது.