வாய்க்கால் ரோட்டில் ஆறாவது குரல்

"அப்பா, அந்த அக்கா ஏங்ப்பா எந்திரிக்க மாட்டேங்குது?"

ஏழு வருடங்களுக்கு முன், ஒரு மழைச் சாயங்காலத்தில், காரின் பின் சீட்டில் மண்டியிட்டுக் கண்ணாடி வழியே பார்த்தபடி தரணி இப்படிக் கேட்டாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. பொங்கலூர்ப் பக்கம் வாய்க்கால் பாலத்தைத் தாண்டி ஐம்பதடியில் கார் நின்றிருந்தது. அவள் அப்பா மகுடேஸ்வரன் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்திருந்தார். பின்னால், ரோட்டோரத்தில், ஒரு லேடீஸ் சைக்கிளின் முன் சக்கரம் வளைந்து கிடந்தது. பக்கத்தில் வாடாமல்லி நிறத்தில் ஒரு துப்பட்டா. துப்பட்டாவுக்குள் ஒருத்தி.

"அது பொம்மை கண்ணு," என்றார் அவர். "சோளக்காட்டுப் பொம்மை."

 குழந்தை ஜன்னலை இறக்கி, முயல் படம் போட்ட தன் ரோஸ் நிறத் தண்ணீர் பாட்டிலை வெளியே வீசினாள். அது உருண்டுபோய்த் துப்பட்டாவின் அருகே நின்றது. அக்காவுக்குத் தண்ணி, என்றாள். அந்தச் சமயத்தில் சைடு கண்ணாடியில் ஒரு கை மேலே எழுந்ததை மகுடேஸ்வரன் பார்த்தார்.

பார்த்துவிட்டுத்தான் காரை எடுத்தார்.

மறுநாள் பேப்பரில் நான்கு வரி வந்தது. விஜயராணி, இருபத்திரண்டு வயது, தேனிப் பக்கத்துப் பெண், பனியன் கம்பெனியில் டெய்லர். ஓவர்டைம் முடித்து அறைக்குத் திரும்பும்போது அடையாளம் தெரியாத வாகனம் மோதியது. விடியும் வரை உயிர் இருந்திருக்கலாம் என்று போட்டிருந்தார்கள். தண்ணீர் பாட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த பாட்டிலை வைத்துத் தன்னைத் தேடி வருவார்கள் என்று ஒரு மாதம் பயந்தார். யாரும் வரவில்லை.

அதன்பின் அவர் கோயில் கோயிலாகப் போனார். வேலம்பாளையத்தில் தன் பனியன் கம்பெனி இருக்கும் தெருவில் அமாவாசை தவறாமல் அன்னதானம் போட்டார். சாமிக்கு எல்லாம் செய்தார். அந்த ரோட்டோரத்துக்கு மட்டும் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுபோனதில்லை.

சர்க்கரை ஏறியதால் டாக்டர் சொல்லித்தான் சைக்கிளுக்கு வந்தார். ஞாயிறு விடிகாலையில் நாலைந்து பேர் சேர்ந்து காடு தோட்டம் பார்த்தபடி மெதுவாக ஓட்டிப் போவார்கள். எங்காவது பேக்கரியில் டீ குடித்துவிட்டு வெயிலுக்கு முன் திரும்புவார்கள். நிட்டிங் யூனிட் வைத்திருக்கும் திருமூர்த்திதான் முன்னால் போவார். அவர் வைத்த விதி ஒன்று உண்டு. கிளம்பும்போதும் ஒவ்வொரு திருப்பத்திலும் வரிசைப்படி ஆளுக்கொரு எண்ணைக் குரல் கொடுக்க வேண்டும். ஒரு எண் வரவில்லை என்றால் எல்லோரும் நிற்க வேண்டும். விழுந்தவரை விட்டுவிட்டுப் போகக் கூடாது.

பொங்கலூர்ப் பக்கம் போகிற ஞாயிறுகளில் மகுடேஸ்வரனுக்கு எப்போதும் முழங்கால் வலி வந்துவிடும். இந்த மார்கழியில் அது நடக்கவில்லை. பதிமூன்று வயதுத் தரணி தானும் வருவேன் என்று கேட்டு, முதல் சவாரிக்கு அந்த ரோட்டையே திருமூர்த்தியிடம் சொல்லிவைத்திருந்தாள். பெண்ணைத் தனியே அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை.

பல்லடம் தாண்டியதும் பனி இறங்கிவிட்டது. முன்னால் போகிறவரின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் காற்றாலைகள் ஊப், ஊப் என்று சுற்றிக்கொண்டிருந்தன. முதல் திருப்பத்தில் குரல்கள் வந்தன.

திருமூர்த்தி ஒண்ணு என்றார். அருள்செல்வன் ரெண்டு. சித்ரகலா மூணு. தரணி உற்சாகமாக நாலு என்றாள். கடைசி ஆள் மகுடேஸ்வரன். அஞ்சு என்றார்.

"ஆறு."

பெண் குரல். மெதுவாக, அவருடைய தோளுக்குப் பின்னாலிருந்து.

அவர் திரும்பிப் பார்த்தார். பனி மட்டும்தான் இருந்தது.

பேக்கரியில் திருமூர்த்தி அதைச் சொல்லிச் சிரித்தார். "ஏனுங்க மகுடேஸு, அஞ்சு பீஸுக்கு ஆறு கவுண்ட் வருது. உங்க கம்பெனியில செக்கிங் இப்படித்தானுங்களா?" அருள்செல்வன், பொம்பளைக் குரலில் பேசிப் பழகுகிறார் போல, என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மகுடேஸ்வரனும் சிரித்தார். அவர் மூக்கில் மட்டும் தையல் மெஷின் எண்ணெயும் ஈரத் துணியும் கலந்த வாடை அடித்தது. கம்பெனி வாடை தன் உடம்பிலேயே ஒட்டிக்கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

தரணியின் சைக்கிளில் இரண்டு பாட்டில்கள் இருந்தன. ஒன்று அவளுக்கு. இன்னொன்றை பேக்கரி வாசலில் குப்பை பொறுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். எங்கே போனாலும் அவள் ஒரு பாட்டில் கூடுதலாக எடுத்துப்போவாள். ஏன் என்று அவர் கேட்டதேயில்லை. இன்று அவளே பேச்செடுத்தாள், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில்.

"இந்த ரோட்லதானுங்ப்பா அந்தப் பொம்மை கெடந்துச்சு?"

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"நீங்க பொம்மைன்னு சொன்னீங்க. ஆனா அது கைய தூக்குச்சு. நான் பாத்தேன். நெசமா அது பொம்மைதானுங்களாப்பா?"

அவள் கண்ணில் கோபம் இல்லை. பதில் மட்டும் வேண்டும். எந்தப் பதிலுக்காக இந்த ரோட்டைக் கேட்டு வாங்கினாள் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. உண்மை நாக்கின் நுனி வரை வந்தது. சொன்னால் இந்தக் குழந்தை இனி தன்னை எப்படிப் பார்க்கும் என்று நினைத்தார். அந்த ஒன்றைத்தான் அவரால் இழக்க முடியாது.

"பொம்மைதான் கண்ணு. காத்துல ஆடியிருக்கும்."

தரணி தலையாட்டிவிட்டு எழுந்துபோனாள்.

வாய்க்கால் ரோட்டில் பனி இன்னும் கெட்டியாக இருந்தது. பாலத்துக்கு முந்தைய திருப்பத்தில் அந்தச் சத்தம் தொடங்கியது.

கடக்... கடக்... கடக்...

வளைந்த சக்கரம் மட்கார்டில் இடிக்கும் சத்தம்.

அவர் வேகமாக மிதித்தார். சத்தமும் வேகமானது. மெதுவாக்கினார். அதுவும் மெதுவானது.

முன்னால் குரல்கள் வந்தன. ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு.

அவர் வாயைத் திறந்தார்.

"அஞ்சு," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அது அவருடைய குரல்.

அதே கரகரப்பு, அதே இழுப்பு. எல்லாரும் இருக்கோம், போலாம், என்று முன்னாலிருந்து திருமூர்த்தி கத்தினார். இல்லை, நில்லுங்கள் என்று மகுடேஸ்வரன் கத்த முயன்றார். தொண்டையில் காற்றுதான் வந்தது. சொல் வரவில்லை.

வாடாமல்லி நிறத்தில் ஏதோ ஒன்று செயினுக்குள் புகுந்தது. ஈரத் துணி.

பெடல் நின்றது.

சைக்கிள் பாலத்தின் விளிம்பில் மோதி, அவர் பக்கத்துப் பள்ளத்தில் விழுந்தார். வலது கால் அடியில் மடங்கி உடைந்த சத்தம் அவருக்கே கேட்டது. போன் எகிறிப் புல்லுக்குள் எங்கோ போய்விட்டது. மேலே, பனியில், தரணியின் சிவப்பு விளக்கு தூரமாகிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் அவருடைய குரல் போய்க்கொண்டிருந்தது.

"முன்னால பாத்து ஓட்டு கண்ணு. அப்பா வாறேன்."

வெளிச்சம் வந்தது. வலியும் வந்தது. ஒரு பால் வண்டி கடந்தது. ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு கம்பெனி பஸ் கடந்தது. அவர் கையைத் தூக்கினார். யாரும் பார்க்கவில்லை.

பிறகு ஒரு கார் வந்தது. மெதுவாகி, சற்றுத் தள்ளி நின்றது. பின் கண்ணாடியில் ஒரு சின்னக் குழந்தை இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அவரையே பார்த்தது. அதன் உதடுகள் அசைந்தன. என்ன கேட்கிறது என்று அவருக்குத் தெரியும். உள்ளே என்ன பதில் சொல்லியிருப்பார்கள் என்பதும் தெரியும்.

கார் போய்விட்டது.

கடக்... கடக்...

அவர் கண்ணைத் திறந்தபோது பள்ளத்தின் விளிம்பில் ரப்பர் செருப்பு போட்ட இரண்டு கால்கள் நின்றன. துப்பட்டாவின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய் வாடை. முகத்தைப் பார்க்க அவருக்குத் துணிவு இல்லை. அவள் கையில் முயல் படம் போட்ட ரோஸ் நிற பாட்டில் இருந்தது, நிறையத் தண்ணீரோடு.

அவருடைய நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கையை மட்டும் நீட்டினார்.

"இது ஒங்களுக்கு இல்லண்ணே," என்றாள் அவள், வெகு மரியாதையாக. "பாப்பாவோடது. குடுத்துட்டு வாரேன்."

சக்கரச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

எட்டு மணிக்குத் தரணி தனியாகத் திரும்பி வந்தாள். சைக்கிளைப் போட்டுவிட்டுப் பள்ளத்தில் சறுக்கி இறங்கினாள். அவள் கையில் அந்த பாட்டில். மெயின் ரோட்டில் எல்லோரும் நின்றபோது, பின்னால் அப்பாவைக் காணோம். கொடுத்துவிட்ட பாட்டிலின் இடத்தில் இது செருகியிருந்தது. யார் வைத்தார்கள் என்று ஒருவரும் பார்க்கவில்லை. மற்றவர்கள் அவருடைய போனுக்கு அடித்துக்கொண்டிருக்கும்போதே அவள் சைக்கிளைத் திருப்பிவிட்டாள்.

தலையைத் தூக்கிப் பிடித்து அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். கிணற்றுத் தண்ணீர் போலக் குளிர்ந்திருந்தது. 

"வழி பூரா சொல்லிட்டே வந்தீங்களேப்பா," என்றாள் பிறகு. கண்ணீர் அவள் தாடையில் நின்றது. "பொம்மை இல்ல கண்ணு, விஜயராணின்னு. கைய தூக்குனதை நானும் பாத்தேன்னு. பாத்துட்டுத்தான் வண்டிய எடுத்தேன்னு."

மறுக்க அவரிடம் குரல் இல்லை.

அது அப்புறமும் வரவில்லை. கோயமுத்தூரில் பெரிய டாக்டர்கள் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார்கள். கட்டுப் போட்ட காலோடு படுத்துக்கொண்டு நான்கு பக்கம் எழுதினார். தேதி, இடம், கார் நம்பர், அந்தக் கை எழுந்தது எல்லாம் அதில் இருந்தது. தரணிதான் அதை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவரைக் கைது செய்தார்கள், ஜாமீனில் விட்டார்கள், வழக்கு நடக்கிறது. தேனியிலிருந்து விஜயராணியின் தாய் ராக்கம்மாள் வந்து கோர்ட் வாசலில் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் போனாள். மன்னிப்புக் கேட்க அவருக்கும் வாய் இல்லை.

கோயிலில் கொட்டியதெல்லாம் தன்னைக் காப்பாற்றவில்லை, ஆறு வயதுக் குழந்தை ஜன்னல் வழியே வீசிய அரை லிட்டர் தண்ணீர்தான் காப்பாற்றியது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த பாட்டில் கழுவிக் கவிழ்த்தபடி சமையலறை அலமாரியில் இருந்தது.

ஒரு விடிகாலையில், வீட்டில் யாரும் எழுவதற்கு முன், அதை நிரப்பிப் பைக்குள் வைத்துக்கொண்டு முதல் பஸ் ஏறினார். பொங்கலூரில் இறங்கி, ஊன்றுகோலோடு வாய்க்கால் பாலம் வரை நடந்தார். ரோட்டில் பனிதான், ஒரு ஆள் இல்லை. துப்பட்டா கிடந்த இடம் அவருக்கு அளந்து வைத்ததுபோல நினைவிருந்தது. குனிய முடியாமல் குனிந்து, பாட்டிலை அங்கே வைத்தார். மூடியைத் திறந்து வைத்தார். பிறகு பாலத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

முதலில் எண்ணெய் வாடை வந்தது.

பிறகு குடிக்கும் சத்தம்.

மடக்கு மடக்காக, மூச்சு வாங்க, நெடுநேரம். அரை லிட்டர் பாட்டிலில் அவ்வளவு நேரம் குடிக்கத் தண்ணீர் இருக்க முடியாது. அவர் திரும்பவில்லை. கைகூப்பியபடி நின்றார்.

சத்தம் நின்றதும் பார்த்தார். பாட்டில் நிமிர்ந்து நின்றது. மூடி இறுகத் திருகியிருந்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை.

பனிக்குள் எங்கோ வளைந்த சக்கரம் நகர்ந்தது. கடக்... கடக்... அதோடு இன்னொரு சைக்கிளின் செயின் ஓடும் சத்தமும் சேர்ந்து போனது.

"அஞ்சு," என்றது அவருடைய குரல்.

"ஆறு," என்றாள் அவள்.

மகுடேஸ்வரன் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. சத்தம் முழுதாக மறையும்வரை நின்றுவிட்டு, அடுத்த வாரம் நிரப்பிக் கொண்டுவர, காலி பாட்டிலை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.