பக்கத்துலயே உக்காந்திருக்கேன்

அந்த அறைக்கு இரண்டு கதவுகள். வெளிக்கதவை மூடினால்தான் உள்கதவு திறக்கும். நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடத்தில் கையைக் கழுவி, அங்கி, தொப்பி, மாஸ்க் எல்லாம் மாட்டிக்கொண்டுதான் கணவர் உள்ளே போவார். கண் மட்டும் வெளியே தெரியும். பொய் சொல்ல வேண்டிய மனுஷனுக்கு அது ஒரு விதத்தில் வசதி.

உள்ளே அவர் மனைவி மொட்டைத் தலையோடு, விழித்த கண் விழித்தபடி கிடப்பாள். ரத்தப் புற்றுநோய். தங்கையிடம் எடுத்த ஸ்டெம் செல்லை அவளுக்கு ஏற்றியிருந்தார்கள். "இனிமே உங்க உடம்புல ஓடப்போறது தங்கச்சி ரத்தம்தாம்மா" என்று டாக்டர் சொன்னபோது, "அப்போ அவ கோவமும் சேர்ந்து வந்துடுமா டாக்டர்?" என்று கேட்டுச் சிரித்தவள். அந்தச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. செல்கள் நன்றாகவே ஒட்டிக்கொண்டன. தூக்கம்தான் திரும்பவில்லை. மாத்திரை கொடுத்தும் பொட்டுத் தூக்கம் கிடையாது.

"தூங்காம இருந்தா உடம்பு எப்படித் தேறும்? ஏற்கெனவே ரொம்ப உடைஞ்சு போயிருக்காங்க. மனசு நோகுற மாதிரி எதையும் சொல்லிடாதீங்க" என்று டாக்டர் கணவரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

சொல்லக்கூடாத விஷயம் ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது. செல் கொடுத்துவிட்டு நல்லபடியாக வீடு திரும்பிய தங்கை, சில நாளிலேயே ஸ்கூட்டரில் போகும்போது லாரி மோதிச் செத்துப்போனாள். அக்காவிடம் யாரும் மூச்சு விடவில்லை.

"ஏங்க, அவ ஏன் ஒரு போன் கூடப் பண்ணல?"

அவர் மாஸ்க்கை இன்னும் மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். "தொண்டை கட்டிக்கிச்சாம். மெசேஜ் பண்றேன்னா."

அன்று மாலை, விபத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்திருந்த தங்கையின் போனை எடுத்து, அவள் பேசுகிற மாதிரியே மனைவியின் போனுக்குத் தட்டினார்.

"அக்கா, மாமா உன்ன திட்டுறாரா? சொல்லு, வந்து ஒரு கை பாக்குறேன். இப்போ கண்ண மூடு. நான் உன் பக்கத்துலயே உக்காந்திருக்கேன்."

மறுநாள் போனபோது மனைவி அடித்துப்போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள். நர்ஸுக்கு வாயெல்லாம் பல். அவருக்கோ அழுகை முட்டியது. பாவமோ புண்ணியமோ, தினமும் ஒரு மெசேஜ் என்று முடிவு செய்துகொண்டார்.

காலடியில் இருக்க வேண்டிய நாற்காலி தலைமாட்டில் கிடப்பதைப் பிறகுதான் கவனித்தார். இழுத்துப் பழைய இடத்தில் போட்டார். அடுத்த நாளும் அது தலைமாட்டில்தான் கிடந்தது.

"நாங்க யாரும் தொடல சார்" என்றாள் நர்ஸ்.

மனைவி அவரைக் கிட்டே வரச்சொல்லிக் கிசுகிசுத்தாள்.

"தங்கச்சி தினமும் சாயங்காலம் வர்றா. கையும் கழுவல, மாஸ்க்கும் போடல. சொன்னா அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்குறா. முகத்தயே காட்ட மாட்டேங்குறா. அவ மேல ஒரே பெட்ரோல் வாசம்ங்க."

மருந்து வாடை தவிர வேறெதுவும் நுழைய முடியாத அறை அது. மாஸ்க்கின் ஓரத்தை மெல்லத் தூக்கினார்.

பெட்ரோல்தான்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த போனை அணைத்து பீரோவில் வைத்துப் பூட்டினார். அதன்பிறகு நாற்காலி நகரவில்லை. மனைவியும் தூங்கவில்லை. கண் குழிக்குள் போய்விட்டது. வாயைத் திறந்து ஒரு வாய் வாங்க மாட்டேன் என்றாள். மருந்து ஏறுகிற குழாயையே பிடுங்கப் பார்த்தாள்.

"என்னால முடியலங்க. அவள வரச்சொல்லுங்க. இல்லன்னா என்ன விட்டுடுங்க, நான் போறேன்."

அவளை விட்டால் அவருக்கு வேறு நாதி இல்லை. தங்கையைப் பறிகொடுத்தாயிற்று, இவளையுமா? எது வந்தாலும் வரட்டும் என்று பீரோவைத் திறந்தார்.

"வரேன் அக்கா. இனிமே உன்ன விட்டுப் போகவே மாட்டேன்."

அனுப்பின கையோடு, படித்துவிட்டதற்கான குறி வந்தது.

மறுநாள் காலை அவர் வெளிக்கதவை மூடுவதற்கு முன்பே உள்கதவு திறந்துகொண்டது.

நாற்காலி காலடியில், அதன் இடத்திலேயே இருந்தது. பெட்ரோல் வாசமும் இல்லை. மனைவி முகத்தில் எத்தனையோ நாளாகக் காணாத அமைதி. அவருக்கு உயிர் வந்தது. உறை மாட்டிய கையால் அவள் நெற்றியைத் தடவினார்.

அவள் கண்ணைத் திறந்து அவரையே பார்த்தாள்.

பிறகு உதட்டில் விரலை வைத்தாள்.

"சத்தம் போடாதீங்க மாமா. அக்கா இப்பதான் தூங்குறா."