குருதி சிந்தாத வெட்டு

மேல்வானத்துச் செவ்வொளி இன்னும் மங்கவில்லை. கீழ்வானத்தில் பௌர்ணமிக்கு முந்தைய நாள் நிலவோ அவசரப்பட்டு எழுந்துவிட்டது. இரண்டையும் ஏந்திக்கொண்டு, ஒரு பாதி பொன்னும் மறுபாதி வெள்ளியுமாகக் கொள்ளிடப் பேராறு ஓடிக்கொண்டிருந்த அந்த அந்திப்பொழுதில், நாணற்படுகைச் சிற்றூரின் மக்கள் ஒருவர்கூட ஆற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. இலுப்பை மரத்தில் கட்டிவைக்கப்பட்டிருந்த மூன்று காபாலிகர்களைச் சுற்றித்தான் அத்தனை கூட்டமும் நின்றது.

அன்பார்ந்த வாசகர்களே, உடலெங்கும் சுடலைச் சாம்பலும் கையில் மண்டையோடுமாகத் திரியும் இந்தக் கூட்டத்தாருக்கு அக்காலச் சோழநாட்டில் இருந்த நற்பெயரைச் சொல்லி முடியாது. ஊரில் ஒரு கோழி காணாமற்போனாலும் பழி அவர்கள் மேல்தான். இப்போது போயிருப்பதோ கோழியன்று. இருபது ஆண்டுகளாக அவ்வூர்த் துறையில் ஓடம் தள்ளிய சாத்தனாரின் உயிர்.

குளம்பொலி கேட்டுக் கூட்டம் வழிவிட்டது. தஞ்சையிலிருந்து விசாரணைக்காக அனுப்பப்பட்ட பூதி விடங்கன் குதிரையிலிருந்து இறங்கினான். ஈழப்போரில் இடக்காதின் நுனியைப் பறிகொடுத்த இளைஞன் அவன். காது குறைந்தாலும் கேட்பதில் குறைவில்லாதவன் என்று பெயரெடுத்தவன்.

“வரவேண்டும், வரவேண்டும்!” என்று ஊர்த்தலைவர் ஐயாறன் கிழார் கைகூப்பினார். “தாங்கள் ஓலையில் ஒரு கையெழுத்து வைத்தால் போதும், விடிந்ததும் இவர்களைக் கழுவேற்றிவிடலாம். கழுமரம்கூடச் சீவி வைத்தாயிற்று.”

“விசாரணைக்கு முன்பேயா? பிள்ளை பிறக்கும் முன்னே பெயர் வைத்துவிட்டீர்களே, கிழாரே! முதலில் பிணத்தைக் கண்டவர் யார்?”

வலைக்காரி காளத்தி முன்னால் வந்தாள். “நாந்தான் சாமி. பொலபொலன்னு விடியுற நேரம், ஆத்துத் திட்டுப் பக்கம் வலையெடுக்கப் போனேன். மனுசன் மல்லாந்து கெடக்காரு. நெஞ்சுல இத்தாம்பெரிய வெட்டு. ஆனா பாருங்க, ஒரு பொட்டு ரத்தம் இல்ல! இவனுவ குடிக்காம அது எங்க போவும்?”

கூட்டம் ‘அதுதானே!’ என்று உறுமியது. விடங்கன் காபாலிகர்களில் மூத்தவரிடம் சென்றான். எரியாடியார் என்பது அவர் பெயர்.

“குடித்தீரா, பெரியவரே?”

“மூன்று நாளாக ஏந்தியும் இவ்வூரில் ஒருவர் இந்த ஓட்டில் கஞ்சி ஊற்றவில்லை. இரத்தம் யார் ஊற்றினார்கள்? வேண்டுமானால் முகர்ந்து பாரும்.”

“திட்டுக்கு எதிரே உள்ள சுடுகாட்டில்தானே தங்கியிருந்தீர்? எதையும் பார்க்கவில்லையா?”

“இறந்தவருக்கு உற்றார் செய்யும் காரியத்தைக் கண்டாலும் வெளியே சொல்லலாகாது. அது எங்கள் விரதம்” என்றார் கிழவர்.

உற்றார்! கழுமரம் கண்ணெதிரே நிற்க, அந்தக் கிழவர் எந்த உற்றாருக்காக வாயைக் கட்டிக்கொள்கிறார்? விடங்கன் மேற்கொண்டு கேட்கவில்லை. ஓடக்காரரின் குடிசைக்கு நடந்தான்.

அங்கே தந்தையின் உடலருகே எயினி அமர்ந்திருந்தாள். பேரழகி என்று சொல்லிக் கதை வளர்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் துடுப்புப் பிடித்துக் காய்த்த கைகளும், அழாமலே சிவந்திருந்த கண்களுமாக அவள் இருந்த கோலத்தில் அழகைப் பற்றிப் பேசுவது முறையன்று. விடங்கனுக்கு மட்டும் அவளைப் பார்த்த கணத்தில் நெஞ்சு ஒருமுறை தடுமாறியது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவன் விளக்கைத் தாழ்த்திப் பார்த்தான். இடத்தோளிலிருந்து வலப்பக்கம் வரை ஒரே வீச்சு; பழகிய கை. காயத்தின் விளிம்பு வெளுத்திருந்தது. முதுகில் புல் ஒட்டியிருந்தது. எடுத்துப் பார்த்தான். தருப்பை! ஆற்றுத் திட்டில் நாணல் அல்லவா வளரும்? யாரோ தேடி அறுத்துக் கொண்டுவந்து பரப்பியிருக்கிறார்கள்.

“பெண்ணே, கொலைகாரன் தான் கொல்லப்போகிறவனுக்குப் படுக்கை விரிப்பதில்லை. உன் தந்தை எப்படி இறந்தார்?”

அவள் தந்தையின் மேலாடையை இழுத்துக் காயத்தை மூடினாள்.

“அப்படியானால் நான் சொல்கிறேன். போர்க்களத்தில் இறந்த உடல்மீது வாள் பட்டு நான் பார்த்திருக்கிறேன், குருதி வராது. இவரும் வெட்டுப்படுமுன்பே இறந்தவர். பழைய வேளிர் குலங்களில் ஒரு வழக்கம் உண்டு என்று பாசறையில் பாணர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அரச குலத்தான் போரில் விழாமல் நோயில் இறந்தால், மார்பில் புண்ணில்லாமல் அவனுக்கு வீரசுவர்க்கம் கிட்டாது. ஆகவே தருப்பையில் கிடத்தி, வாளால் மார்பைப் போழ்ந்து, பிறகே எரியூட்டுவார்கள். ஓடக்காரர்களுக்கு அந்த வழக்கம் கிடையாது.”

எயினி நிமிர்ந்தாள். “நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார், ஐயா. ‘புண்ணில்லாமல் போகிறேனே, மகளே’ என்றார். அதுவே கடைசிப் பேச்சு. நான் வாக்குக் கொடுத்தேன். இரவோடு இரவாகச் செய்துமுடித்து விறகு கொண்டுவரப் போனேன். அதற்குள் வலைக்காரி வந்துவிட்டாள்.”

“அவர் பெயர்?”

“கடம்பக்குன்றத்துச் செங்கோட வேள்.”

விடங்கனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சோழருக்குப் பணிய மறுத்துப் போரிட்டு, நாடிழந்து மறைந்தவன் செங்கோட வேள். அவன் குலத்தில் ஒருவரும் எஞ்சலாகாது, கண்டும் காட்டிக்கொடாதவருக்கும் அதே தண்டனை என்ற அரசாணை இருபது ஆண்டுகளாக உயிரோடிருந்தது.

“நான் பெயரைச் சொன்னால் இவர் தலையைத் தனியே தஞ்சைக்கு எடுத்துப் போவீர்கள். அதற்கு அஞ்சித்தான் பகலெல்லாம் வாய்மூடியிருந்தேன்” என்றாள் எயினி. “முதலில் எரியூட்ட விடுங்கள். பிறகு மரத்தடிக்கு நானே வந்து உண்மையைச் சொல்வேன். என் தந்தையின் சுவர்க்கத்துக்காக மூன்று பேர் கழுவேறக் கூடாது.”

விடங்கன் எழுந்தான். “நான் அனுப்பப்பட்டது கொன்றவனைக் கண்டுபிடிக்க. கொன்றவன் எவனுமில்லை. இறந்தவர் யாரென்று கண்டுவர என்னை யாரும் பணிக்கவில்லை. சிதைக்கு ஏற்பாடு செய்கிறேன். நீ மரத்தடிக்கு வரவேண்டாம்.”

ஆனால் அவள் வந்தாள். சிதை நன்றாகப் பற்றி எரியத் தொடங்கியபின், ஈர உடையோடு வந்து கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். விடங்கன் அப்போது ஊராரிடம், சாத்தனார் வெட்டுப்படுமுன்பே இறந்துவிட்டார், இரத்தம் குடித்தவர் எவருமில்லை என்று விளக்கிக்கொண்டிருந்தான்.

“அப்படியே இருக்கட்டும், ஐயா. செத்த உடம்பை வெட்டியது யார்?” என்றார் கிழார்.

எயினி முன்னே வந்தாள். “நான்...”

“நான்தான் வெட்டினேன்!” என்று இடிபோல் ஒரு குரல் எழுந்தது. எரியாடியார் கட்டுண்டபடியே நிமிர்ந்து நின்றார். “பெண்ணைப் பேசவிட்டு நான் மறைந்துகொள்ளவா? செத்துக் கிடந்தவனைக் கண்டோம், பூசைக்கு வெட்டினோம். காபாலிகன் வேறென்ன செய்வான்? உங்களுக்குத் தெரியாததா?”

கூட்டம் அதை உடனே நம்பியது. நம்பக் காத்திருந்த செய்தியை நம்புவதற்கு எவ்வளவு நேரமாகும்? எயினி மட்டும் மறுத்துச் சொல்ல வாயெடுத்தாள். கிழவர் அவளை ஒருமுறை பார்த்தார். பேசாதே என்று அதட்டும் பார்வை. முகமறியாத ஒரு பெண்ணுக்காக இவ்வளவு பெரிய அவப்பெயரைத் தானே எடுத்துச் சூடிக்கொள்கிறாரே என்று விடங்கன் எண்ணினான்.

“பிணத்தை வெட்டியது பெரும்பாவம், ஆனால் கொலையன்று. இந்த மூவரும் இப்பொழுதே ஆறு கடந்து சோழநாட்டை விட்டு வெளியேற வேண்டும்” என்று தீர்ப்புக் கூறினான்.

“மந்திரம் போட்டுக் கொன்றிருப்பார்கள், ஐயா!”

“மந்திரத்துக்குச் சாட்சி உண்டா, கிழாரே?”

கிழார் மூவரின் கட்டையும் அவிழ்க்கச் சொன்னார். அவர்களை ஓடமேற்றத்தான் ஊரில் ஒருவரும் துணியவில்லை. “துறை எங்களுடையது. நான் கொண்டுபோய் விடுகிறேன்” என்றாள் எயினி. அவள் மனத்துணிவைப் பார்த்து ஊரே மூக்கில் விரல் வைத்தது.

துறையில் விடங்கனும் அவளும் மட்டும் சற்றுநேரம் தனித்து நின்றார்கள். ஓடத்தின் அடிப்பலகைக்குக் கீழே வேளின் வாள் கிடந்தது.

“திரும்பி வராதே. இவர்களோடு வடக்கே திருப்பருப்பத மலைக்குப் போ. அந்த அரசாணை நீங்கும்வரை எனக்கு வீடும் வேண்டாம், மனைவியும் வேண்டாம். நீங்கிய அன்றே அங்கே வந்து உன்னைக் கேட்பேன். இது என் வாள்மேல் ஆணை.”

“அரசாணை நீங்காவிட்டால், வீரரே?”

“கிழவனாகி வந்து கேட்பேன். அப்போது மறுக்கலாகாது.”

பகல் முழுதும் அழாதிருந்த எயினி அப்போது அழுதாள். அழுகைக்கு நடுவே சிரிக்கவும் செய்தாள். ஓடம் நிலவொளியில் நகர்ந்து மறுகரை இருளில் கலந்தது.

மறுநாட்காலை ஓடம் மட்டும் மறுகரையில் ஒதுங்கிக் கிடந்தது. ஊர் அலறியது. ‘சாத்தனார் இறந்தவிதம் அறியக்கூடவில்லை, காபாலிகர்மேல் ஐயம் உண்டு, சாட்சியில்லை’ என்று எழுதிய ஓலையோடு விடங்கன் குதிரையேறப் போனபோது, ஐயாறன் கிழார் ஓடிவந்து கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்களில் மெய்யாகவே நீர் வழிந்தது.

“நேற்றே கழுவேற்றியிருந்தால் அந்தப் பெண்ணாவது பிழைத்திருப்பாளே! நான் தூக்கி வளர்த்த குழந்தை, ஐயா! அப்பனைக் கொன்றவர்கள் அவளையும் கொண்டுபோய்விட்டார்களே! தாங்களல்லவா அவர்களை விட்டீர்கள்?”

உண்மையைச் சொல்லி அந்த நல்ல மனிதரின் கண்ணீரைத் துடைக்க விடங்கனுக்கு ஒரு சொல் போதும். அவன் குதிரையிலிருந்து இறங்கி, ஊரார் அனைவரும் பார்க்க, அவர்முன் தலைகுனிந்தான்.

“பிழை என்னுடையதுதான், கிழாரே” என்றான்.