பூவரசனின் ஆட்ட ஆயுள்

பூவரசனின் ஆட்ட ஆயுள் அன்று காலை பதினொன்று புள்ளி இரண்டு. கல்லூரிக் கபடி வீரர்கள் எல்லோருடைய மணிக்கட்டிலும் கணிப்புப்பட்டை உண்டு. நாடி, தூக்கம், தசைநாரின் இறுக்கம் எல்லாவற்றையும் அளந்து, இவர் இன்னும் எத்தனை ஆண்டு களத்தில் நிற்பார் என்று மணிக்கொரு முறை அது ஊருக்கே சொல்லும். பன்னிரண்டு தொழில்முறை அணிகளும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் வரிசைப்படி ஆள் எடுத்தன.

வீரர் தேர்வுக்கு நான்கு நாள் இருந்தது. மதுரையில் கோதண்டத்தின் டயர் கடையில் வைகை அணியின் ரசிகர்கள் மூவர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“கோயம்புத்தூர் ரோஷனை எடுக்கணும். கை நீளம் பாருங்க,” என்றார் கல்லூரி ஆசிரியர் நிஸ்தார்.

“அவன் சோம்பேறி சார். பூவரசன் மாதிரி பாடிப் போறவன் எவன் இருக்கான்? ஆனா நம்ம அணிக்கு ஒன்பதாவது வாய்ப்புதான். அதுவரைக்கும் அவனை எவன் விட்டு வைப்பான்?” என்றார் கோதண்டம்.

மூன்றாமவள் ஜெபமலர், இயன்முறை மருத்துவர். போன வருடம் ஒரு பயிற்சி முகாமில் பூவரசனின் கணுக்காலுக்கு வைத்தியம் பார்த்தவள்.

கோதண்டம் ஒன்றைக் கவனித்திருந்தார். போன வாரம் எவனோ பூவரசனைப் பற்றி இணையத்தில் அசிங்கமாக எழுதினான். ஒரு மணி நேரத்தில் எண் அரைப் புள்ளி சரிந்தது.

“அவன் எல்லாத்தையும் படிக்கிறான்ப்பா. தூக்கம் போகுது, பட்டை இறக்குது. நாம இறக்குவோம். ஒன்பதாவது வரைக்கும் இறக்குவோம்!”

வைகை ரசிகர் குழுவில் நாற்பதாயிரம் பேர். அவனுடைய நிறத்தை, நடையை, அம்மாவின் பல்லைக் கேலி செய்து எழுதினார்கள். நிஸ்தார் பிழையில்லாத தமிழில் எழுதினார்.  ஜெபமலர் ஒவ்வொன்றையும் படித்தாள், சிலவற்றுக்குச் சிரித்தாள்.

மூன்றாம் நாள் எண் ஒன்பது புள்ளி எட்டில் நின்றுவிட்டது.

“ஜெபா, உன்கிட்ட ஏதாச்சும் சொல்லியிருப்பானே?” என்றார் கோதண்டம்.

“வேண்டாம்ண்ணே.”

“நம்ம அணிக்குத்தானே வரப்போறான். வந்தப்புறம் தலையில வச்சுக் கொண்டாட மாட்டோமா?”

பூவரசன் அவளிடம் மட்டும் சொல்லியிருந்ததை அவள் சொன்னாள். பயிற்சியில் பூவரசன் பிடித்த பிடியில் அவனுடைய தம்பி விழுந்து முதுகெலும்பு முறிந்ததையும், அதன்பின் அந்தத் தம்பி எழுந்து நடக்காததையும், சிகிச்சை மேசையில் குப்புறப் படுத்தபடி பூவரசன் அழுததையும் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் கோதண்டம் தட்டச்சு செய்ய ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் எண் ஆறு புள்ளி ஒன்று. எட்டு அணிகள் அவனைத் தாண்டிப் போயின. ஒன்பதாவதாக வைகை அணி எடுத்தது. டயர் கடை வாசலில் பட்டாசு வெடித்தார்கள். கோதண்டம் ஊட்டிய இனிப்பை ஜெபமலர் சாக்கடையோரம் போய்த் துப்பினாள்.

பருவம் தொடங்கியது. பூவரசன் பாடிக்கொண்டு போனான். எதிரணிக்காரர்கள் பிடித்ததும் நடுக்கோட்டை நோக்கிக் கை நீட்டாமல் அப்படியே படுத்துக்கொண்டான். எதிராளி பாடி வரும்போது அவன் யாரையும் பிடிக்கவில்லை. முதல் நான்கு ஆட்டங்களும் அப்படித்தான். எண் மூன்றுக்கு வந்தது.

“இந்தப் பொணத்தை எடுத்தது யாருய்யா?” என்று நாற்பதாயிரம் பேரும் கேட்டார்கள். பிறகு கோதண்டத்தின் யோசனைப்படி எல்லோரும் அவனைப் புகழ்ந்தார்கள். சிங்கம் என்றார்கள், தம்பி என்றார்கள், கவிதை எழுதினார்கள். எண் அசையவில்லை. அவன் படிப்பதை நிறுத்தியிருந்தான்.

“நீ போய்ப் பேசு ஜெபா. உன்கிட்ட மனசு விட்டுப் பேசுவான்ல?” என்றார் கோதண்டம்.

போனாள். மருத்துவர் என்பதால் அணி முகாமில் தடுக்கவில்லை. பூவரசனின் கணுக்கால் வீங்கியிருந்தது. விரலால் அழுத்தினாள்.

“எங்க வலிக்குது தம்பி?”

 அவன் காலை மெதுவாக இழுத்துக்கொண்டு காலுறையை மாட்டினான்.

“உங்ககிட்ட சொல்ல மாட்டேன்க்கா.”

அவள் வெளியே வந்தாள். முகாம் வாசலைத் தாண்டுவதற்குள் போன் அடித்தது.

“ஜெபா, இப்பத்தான் பார்த்தேன். ரெண்டு புள்ளி நாலுக்கு இறங்கிருச்சு,” என்றார் கோதண்டம். “அவன்கிட்ட என்னதான் சொன்னே?”