மஞ்சள் வட்டத்து வெள்ளைக் காய்கள்

பாமாவின் வீட்டுக்குள் சிறீதரன் வந்து நின்ற கோலத்தைப் பார்த்ததுமே பிரதாப்புக்குத் தெரிந்துவிட்டது, இது தொலைந்த பாஸ்போர்ட் விவகாரம் இல்லை என்று. மனிதர் பனி ஒட்டிய சப்பாத்தைக் கழற்றவும் மறந்திருந்தார்.

"அக்கா, முப்பது வருஷச் சிநேகிதம். அசோகன் கள்ளன் எண்டால் கள்ளன் எண்டு சொல்லுங்கோ. இல்லையெண்டால் நான் போய் அவன்ரை காலிலை விழவேணும். இப்பிடி நடுவிலை நிக்க என்னாலை ஏலாது."

பாமா நாற்காலியைக் காட்டினார். அகதி விசாரணைகளில் காலமெல்லாம் மொழிபெயர்த்தவர் அவர். சொன்னதை மொழிபெயர்த்தது சம்பளத்துக்கு, சொல்லாததைக் கவனித்தது பழக்கத்துக்கு. ஓய்வு பெற்ற பிறகும் ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரத்துத் தமிழர்கள் சிக்கல் என்றால் அவர் வீட்டு மணியைத்தான் அடிப்பார்கள். மேல்மாடியில் குடியிருந்த பிரதாப் கோயம்புத்தூர்க்காரன், கணினிப் பொறியாளன். துப்பறியும் ஆசை மலையளவு, பொறுமை கடுகளவு.

சிறீதரன் டிராம் ஓட்டுபவர். கூட வேலை செய்த போலந்துக்காரர் ஒருவர் சொன்ன சரித்திரம் அவரைப் பிடித்துக்கொண்டது. ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தாறு, மே மாதம். மார்ஷல் பட்டம் பெற்ற போலந்துத் தளபதி ஒருவர் ஆட்சியைப் பிடிக்கத் தன் படையோடு தலைநகர் வார்சாவுக்குள் வந்தார். சண்டை தொடங்கிய மூன்றாம் நாள், நாடு இரண்டாகப் பிளந்துவிடும் என்று ஜனாதிபதி பதவியை விட்டு இறங்கினார். உள்நாட்டுப் போர் மூளாமலே போனது. அவர் இறங்காமல் போஸ்னான் நகரத்துக்குப் போய்ப் படை திரட்டியிருந்தால்? இந்தக் கேள்வியை வைத்து வீட்டு நிலவறையில் பெரிய வரைபடமும் மரக்காய்களுமாக ஓர் ஆட்டமே செய்துவிட்டார். அவர் ஜனாதிபதி, அசோகன் மார்ஷல்.

"வெள்ளைக் காய் எல்லாம் சனம். மஞ்சள் வட்டம் பாதுகாப்பு வலயம். அதுக்குள்ளை நிக்கிற சனத்தை ஒருத்தரும் அடிக்கேலாது, எனக்குப் புள்ளி. அந்தக் காய்கள்தான் காணாமல் போகுது. நிலவறைப் பூட்டுக்கு வேறை திறப்பு அசோகனிட்டை மட்டும்தான் இருக்கு. நான் கேட்டன். அவன் திறப்பை மேசையிலை எறிஞ்சிட்டுப் போனவன், பிறகு வரேல்லை."

"சிம்பிள் மோட்டிவ், பாமாக்கா. சிறீதரன் சார் புள்ளி குறைஞ்சா அவருக்கு லாபம்" என்றான் பிரதாப்.

மறுநாள் நிலவறையில் அவனுக்கு உற்சாகம் இன்னும் கூடியது. மஞ்சள் வட்டத்தின் ஓரத்தில் கறுப்பாக ஒரு மண் தீற்றல். "அசோகன் சாருக்கு ஊருக்கு வெளியே காய்கறித் தோட்டம் இருக்குன்னு சொன்னீங்கல்ல?" என்று சிறீதரனைக் கேட்டான்.

பாமா மண்ணை விரலில் எடுத்துத் தேய்த்தார். உடைத்த ஜவ்வரிசி போல வெள்ளைத் துணுக்குகள் தெரிந்தன. விரலைத் துடைத்துக்கொண்டு படியேறினார்.

சமையலறையில் சிறீதரனின் மனைவி ஜெயமலர் அவருக்கும் பின்னால் வந்த பிரதாப்புக்கும் தேநீர் தந்தாள். ஜன்னலோரம் நல்ல நாற்காலி காலியாக இருக்க, குளிர்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் முக்காலி போட்டு ஒடுங்கி உட்கார்ந்தாள். குளிருக்காக உள்ளே வைத்த கறிவேப்பிலைத் தொட்டி பக்கத்திலேயே இருந்தது. மேசைவிரிப்பு ஒரு பழைய பட்டுச் சேலை, அதன் ஓர் ஓரம் கத்தரிக்கப்பட்டிருந்தது.

"எப்ப ஜெர்மனிக்கு வந்தனீர்?" என்று பாமா கேட்டார்.

"ரெண்டாயிரத்துப் பன்னிரண்டிலை, அக்கா. இவரைக் கட்டி வந்தனான். கடைசிச் சண்டை நேரம் முழுக்க, சண்டை நடக்காத வவுனியாவிலைதான் இருந்தனான்."

பாமா தேநீரை மெதுவாகக் குடித்து முடித்தார். ஞாயிற்றுக்கிழமை அசோகனையும் அதே சமையலறைக்கு அழைத்தார். அவர் வந்து, சிறீதரன் முகத்தைப் பார்க்காமல் சுவரோடு நின்றார்.

"அசோகன் எடுக்கேல்லை" என்று பாமா தொடங்கினார். "வெல்லுறதுக்கு எண்டால் போஸ்னான் பாதையிலை நிக்கிற ஒரு ரயில் காயை எடுத்திருந்தால் போதும், ஆட்டம் அண்டைக்கே முடிஞ்சிருக்கும். அதைத் தொடேல்லை. துவக்கோடை நிக்கிற ஆமிக் காய் ஒண்டையும் தொடேல்லை."

"ஆனா அந்த மண்ணு?" என்றான் பிரதாப்.

"தோட்ட மண் இப்ப கல்லு மாதிரி உறைஞ்சு கிடக்குது, தம்பி. வெள்ளைத் துணுக்குப் போட்டது கடையிலை விக்கிற தொட்டி மண்."

அசோகனைப் பார்க்கப் பிரதாப்புக்குக் கூச்சமாக இருந்தது.

"இன்னும் ஒண்டு. மற்ற இடத்துச் சனம் அப்பிடியே நிக்குது. மஞ்சள் வட்டத்துக்குள்ளை போன சனம் மட்டும்தான் காணேல்லை. அதுக்குள்ளை ஒருத்தரும் அடிக்கேலாது எண்டு சிறீதரன் நம்பினார். நம்பாத ஒருத்தர் இந்த வீட்டிலை இருக்கிறார். களவெடுக்கேல்லை, அந்தச் சனத்தைக் காப்பாத்தினவர். ஆரெண்டு என்ரை வாயாலை சொல்லமாட்டன்."

யாரும் கேட்காத சண்டையைப் பற்றி ஜெயமலர் அன்று ஏன் தானாகச் சொன்னாள் என்று பிரதாப்புக்கு அப்போதுதான் உறைத்தது. மறைக்கிறவர்கள்தான் கேட்கும் முன்பே சொல்லிவிடுவார்கள் என்று பாமா பலமுறை சொல்லியிருந்தார்.

ஜெயமலர் எழுந்தாள். அகப்பையால் தொட்டி மண்ணை விலக்கினாள். உள்ளே ஒரு சின்னக் குழி, அதில் வெள்ளைக் காய்கள் நெருக்கமாக இருந்தன. சுற்றிலும் விரல்நுனி அளவில் பட்டுத் துணியில் தைத்து மண் நிரப்பிய பைகளை அடுக்கியிருந்தாள்.

"இது என்ன?" என்றான் பிரதாப் மெல்ல.

அசோகன்தான் பதில் சொன்னார். "பங்கர், பதுங்குகுழி. வன்னிச் சண்டையிலை சாக்கு முடிஞ்சாப்பிறகு கலியாணச் சீலையைக் கிழிச்சுத்தான் சனம் மண்மூட்டை தைச்சது."

"நீர் வவுனியாவிலை எண்டல்லோ சொன்னனீர்" என்றார் சிறீதரன்.

"என்ரை அண்ணை அப்பிடிச் சொல்லச் சொன்னவர். பிள்ளை இருந்தது தெரிஞ்சால் கலியாணம் குழம்பிப்போகும் எண்டவர்." அவள் குரல் தட்டையாக வந்தது. "லக்சிகா. ஏழு வயசு. பாதுகாப்பு வலயம் எண்டு ரேடியோவிலை சொன்னாங்கள். நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனன். எங்கடை பங்கருக்குள்ளையே இருந்திருக்கலாம்."

இப்படியொரு விடைக்காகவா துள்ளிக் குதித்தோம் என்று பிரதாப்புக்கு வெட்கமாக இருந்தது. அசோகன் வந்து சிறீதரன் தோளில் கை வைத்தார். சிறீதரன் அந்தக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவர்களுக்குள் அதற்குமேல் மன்னிப்பு தேவைப்படவில்லை. பத்து வருடத்துக்கு மேலாக ஒரே வீட்டில் இருந்த பெண்ணின் பக்கம் சிறீதரன் திரும்பினார்.

பிறகு நிலவறைக்குப் போனார். எல்லாரும் பின்னால் இறங்கினார்கள், ஜெயமலர் காய்களை அள்ளிக்கொண்டு. போஸ்னானில் நின்ற ஜனாதிபதிக் காயை எடுத்து வரைபடத்தின் மேல் படுக்க வைத்தார். அவர் வகுத்த ஆட்ட விதியின்படி அது பதவி விலகல்.

"சண்டை முடிஞ்சுது, மலர்."

அவள் காய்களை ஒவ்வொன்றாக மஞ்சள் வட்டத்துக்கு வெளியே, ஊர்களின் பெயர்களுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒன்று மட்டும் கைக்குள் இருந்தது.

"இனி இவளையும் வெளியிலை விடலாமோ?" என்று அவரைப் பார்த்துக் கேட்டாள்.

"ஓம். விடும். ஒருத்தரும் அடிக்கமாட்டினம்."

ஜெயமலர் தலையாட்டினாள். கையை மேசைக்கு மேலே நீட்டினாள். வெகுநேரம் அப்படியே நின்றாள், விரல்களை மட்டும் அவள் திறக்கவில்லை.