மயிலாத்தாளின் பதினேழு நிமிடம்

2086இல் சிங்காநல்லூரில், எதிர்ப்படுகிறவரைச் சாப்பிட்டாச்சா என்று யாரும் கேட்பதில்லை. "இன்னைக்கு எவ்வளவுங்க?" என்பார்கள்.

வீட்டுக்கு ஒரு யோசிப்பி உண்டு. படத்தைக் காட்டிக் கேள்வி கேட்டால், அது தன் சிந்தனைச் சங்கிலியைக் கோத்து முடித்துவிட்டுப் பதில் சொல்லும். எளிய கேள்விக்கு நொடிகள், கடினமானதற்கு நிமிடங்கள். கேள்வி வீட்டு ரகசியம். யார் எவ்வளவு நேரம் யோசிக்க வைத்தார் என்பதை மட்டும் வாசற்பலகை தெருவுக்கே காட்டும். யோசிக்க வைப்பவரே அறிவாளி என்று ஊர் முடிவு கட்டியிருந்தது. பீளமேட்டில் ஒருவர் ஆறு மணி நேரம் யோசிக்க வைத்தார். தெரு திரண்டு பொன்னாடை போர்த்தியது. கடைசியில் "கேள்வி புரியவில்லை" என்று பதில் வந்ததை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

சென்னியப்பனின் கேள்விகள் இரண்டு நொடியைத் தாண்டியதில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். ஒரு மாதமாக, மனைவி மயிலாத்தாளின் பெயருக்கு நேரே தினமும் பதினேழு நிமிடம் விழுவதைத்தான் தாங்க முடியவில்லை.

எதிர்வீட்டு நாச்சிமுத்து பலகையைப் படித்துவிட்டு, "அக்கா என்னமோ ஆராய்ச்சி பண்றாங்களாட்ட இருக்குது. நீங்க என்ன மாமா, மழை வருமான்னு கேட்டீங்களா?" என்றான்.

அதைத்தான் கேட்டிருந்தார்.

மறுநாள் சென்னியப்பன் கதவில் காதை வைத்தார். உள்ளே மயிலாத்தாள், "இந்த மூஞ்சில என்ன இருக்குதுன்னு சொல்லு சாமி" என்று யோசிப்பியைக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவரை அவள் சாமி என்று அழைத்துப் பல வருடமாயிற்று. யோசிப்பி யாரோ ஓர் ஆண்முகத்தை வாய்விட்டே பிரித்து மேய்ந்தது. உதட்டுக்கு மட்டும் நான்கு நிமிடம். அப்படி என்ன உதடு? சென்னியப்பன் கதவைத் தள்ளினார்.

திரையில் உப்புமா தின்றுகொண்டிருந்தவர் அவரேதான்.

"இது நானு."

"ஆமாங்க. காத்தால எடுத்தது."

"எங்கிட்டயே கேக்க வேண்டியதுதான?"

"பதினோரு வருசமாக் கேட்டனுங்க. ஒண்ணுமில்லைன்னே சொன்னீங்க. அது பாவம், பதினேழு நிமிசமாச்சும் மெனக்கெடுது."

"கடைசில என்னதான் சொல்லுச்சு?"

"தெரியலைன்னுச்சு. தெனமும் அதேதான்."

சென்னியப்பனுக்கு மார்பு விரிந்தது. பதினேழு நிமிடமும் தன் முகத்தின் சம்பாத்தியம். நாச்சிமுத்துவிடம் சொல்லிவிட்டு வரலாமா என்றுகூட நினைத்தார். அதற்குள் வேறொரு பொறாமை கிளம்பியது: இவள் முகத்துக்கு எவ்வளவு விழும்? தன்னை மிஞ்சிவிட்டால்? நின்றவளை நின்றபடியே படம் பிடித்து யோசிப்பியிடம் நீட்டினார்.

"இவ என்ன நெனைக்கறா?"

கேட்டு வாய் மூடுவதற்குள் பதில் வந்தது.

"உங்களை விட்டுப் போய்விடலாமா என்று நினைக்கிறார். இதில் யோசிக்க ஏதுமில்லை. பார்த்தாலே தெரிகிறது."

வெளியிலிருந்து நாச்சிமுத்துவின் குரல் கேட்டது. "மாமா, அரை நொடிங்க. அப்படி என்ன லேசான கேள்வி கேட்டீங்க?"

சென்னியப்பன் போய் வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்து, மயிலாத்தாள் எதிரே உட்கார்ந்தார்.

"எப்பருந்து?"

அவள் வருடங்களை விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். ஒரு கை போதவில்லை.