சொல்ல நாற்பது நாள்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில், செவ்வாயின் மூன்றாம் குடியிருப்பிலிருந்த எண்ணூறு பேரும் வரிசையில் நின்று, ஆளுக்கொரு கண்ணாடித் தட்டை நக்கிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். யாருக்கும் அது வேடிக்கையாகத் தோன்றியதில்லை. எச்சிலில் மிதந்து வரும் செல் துணுக்குகளைப் படலமானி என்ற கருவி படித்துவிடும்.

செல்லின் சவ்வு கொழுமியம் என்னும் கொழுப்புப் பொருளின் இரண்டு அடுக்குகளால் ஆனது. அதில் ஒரு வகைக் கொழுமியம் எப்போதும் உள்ளடுக்கிலேயே அடங்கிக் கிடக்கும். செல் புற்றாக மாறினால் வெளியடுக்குக்கு வந்து நிற்கும். அதைத் தேடிப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்புரதத்தை ஏற்றினால் போதும், உடம்பின் காவல் செல்கள் வந்து மீதியைப் பார்த்துக்கொள்ளும். அந்தக் கிரகத்தின் கதிர்வீச்சில் புற்று என்பது சளிபோலச் சாதாரணம். சளிபோலவே குணமாகியும் வந்தது.

ஒரே ஒரு விதி. முடிவை நோயாளியிடம் சொல்லக்கூடாது. முதல் கப்பலில் வந்த குடும்பங்கள் கேட்டு வாங்கிய விதி அது. வீட்டில் ஒருவர் பெயரை எழுதிக் கொடுத்துவிட வேண்டும்; நல்லதோ கெட்டதோ அவர் காதுக்குத்தான் போகும். செண்பகவல்லி தன் கணவர் கோமதிநாயகத்தின் பெயரை எழுதிக் கொடுத்திருந்தாள்.

பனிச் சுரங்கத்தில் பம்பு மெக்கானிக்காக இருந்த கோமதிநாயகத்தை டாக்டர் ரெஜினா ஒருநாள் கூப்பிட்டனுப்பினாள்.

"அக்காவுக்கு இடது மார்புல, அண்ணாச்சி. பயப்படாதீங்க, நாப்பது நாளைக்குள்ள மருந்து ஏத்திட்டா முழுசாப் போயிரும். அதுக்கப்புறம்தான் கஷ்டம். மத்த வகைக்கெல்லாம் கெடு கெடையாது, இதுக்கு மட்டும் உண்டு. அந்தச் செல்லுங்க உஷாராகி, கொழுமியத்தை மறுபடி உள்ள இழுத்துக்கிடும். எதிர்ப்புரதம் பிடிக்கதுக்கு அடையாளமே இருக்காது."

"வலிக்குமோ?"

"பொய் சொல்ல மாட்டேன். வலி நரம்புலயும் அந்தக் கொழுமியம் கொஞ்சம் உண்டு. பத்து நாள் உடம்பு தீயா எரியும். அதனாலதான் அக்கா தன் வாயால சம்மதம் சொல்லணும்னு வச்சிருக்காங்க. நீங்க முதல்ல சொல்லுங்க. நீங்க சொல்லாம நான் அவங்ககிட்டப் பேச முடியாது."

கோமதிநாயகம் தலையாட்டிவிட்டு வந்தார். வீட்டில் செண்பகவல்லி தன் ஒரே பருத்திச் சேலையைக் கிழித்துப் பேரனுக்குத் தொட்டில் தைத்துக்கொண்டிருந்தாள். பூமியிலிருந்து மகள் ஆவுடை கைக்குழந்தையோடு கிளம்பி ஆறு மாதம் ஆகியிருந்தது. இன்னும் முப்பது நாளில் கப்பல் இறங்கிவிடும். செண்பகவல்லியின் தாய் இதே நோயில், இதே மார்பில் போனவள். தாயின் அலறலைப் பதினாறு வயதில் கேட்டவள் செண்பகவல்லி. அவளிடம் எப்படிச் சொல்வது? மகள் வந்துவிடட்டும், அவள் பக்கத்தில் இருக்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார். முப்பது போனாலும் கையில் பத்து நாள் மிச்சம் இருக்கிறதே.

இருபத்தொன்பதாம் நாள் புழுதிப் புயல் கிளம்பியது. கப்பலை இரண்டு வாரம் மேலேயே சுற்றச் சொல்லிவிட்டார்கள்.

முப்பத்தாறாம் நாள் ரெஜினா பம்பு நிலையத்துக்கே வந்துவிட்டாள். "அண்ணாச்சி, உங்க காலப் பிடிச்சுக் கேக்கேன். இன்னைக்குச் சொல்லிருங்க."

சொல்லிவிடும் உறுதியோடுதான் வீட்டுக்குப் போனார். செண்பகவல்லி தொட்டிலை மாட்டிவிட்டு, வெறும் தொட்டிலை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, மொகம் வாடிக் கெடக்கு?"

"பம்பு ரிப்பேரு" என்றார்.

மறுநாளும் பம்பு ரிப்பேராகத்தான் இருந்தது. அதற்கு மறுநாளும்.

நாற்பத்திரண்டாம் நாள், ரெஜினா படலமானியின் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். வெறுமையாக இருந்தது; கொழுமியம் உள்ளே போய்விட்டிருந்தது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

அன்று மாலை அவர் மனைவியின் எதிரே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். செண்பகவல்லி அழவில்லை.

"கட்டி கையில தட்டுப்பட்டு ரெண்டு மாசமாச்சு" என்றாள். "மெஷினு உங்ககிட்டச் சொல்லியிருக்கும்னும் தெரியும். நீங்க வாயத் தெறக்கல. சரி, மனுசனால தாங்க முடியல, நாமளும் தெரிஞ்சாப்பில காட்டிக்கிட்டா ஒடஞ்சு போயிருவாருன்னு இருந்தேன். ஆவுடை வந்தா உங்களுக்கு ஒரு தொணை ஆகுமேன்னு பாத்தேன்."

"வலிக்குப் பயப்படுவியேன்னு நெனச்சேன், வல்லி."

"வலி என்னங்க வலி. பத்து நாள்தான." அவள் குரலில் கோபமே இல்லை. "நாப்பது நாள்னு ஒரு கெடு இருக்கதை எங்கிட்ட யாரு சொன்னா?"

கோமதிநாயகம் அவள் மடியில் முகம் புதைத்து, அவளுடைய தாய் அலறியதைப்போல அலறினார். நாற்பது நாளாக அந்த வீட்டில், உள்ளே இருந்ததை வெளியே காட்டிக்கொண்டு நின்றது நோய் ஒன்றுதான்.

அதிலிருந்து ஐந்தாம் நாள் புயல் ஓய்ந்து கப்பல் இறங்கியது. காற்றடைப்புக் கதவு திறப்பதற்குச் சற்று முன், செண்பகவல்லி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இவகிட்ட இப்பம் ஒண்ணும் சொல்லிராதீங்க. ஏழு மாசம் கப்பல்ல கெடந்து வந்திருக்கா. பால்குடி மறக்காத பிள்ளைய வேற வச்சிருக்கா. கொஞ்ச நாளு போகட்டும்."

மறைக்க வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

கதவு திறந்தது. ஆவுடை ஓடிவந்து தாயைக் கட்டிக்கொண்டாள். பிறகு தள்ளி நின்று மேலும் கீழும் பார்த்தாள். "என்னம்மா, இப்பிடி எலும்பும் தோலுமா இருக்க?"

"இங்க ஈர்ப்பு கம்மில்லா" என்றார் கோமதிநாயகம். "வந்தவங்க எல்லாரும் மெலிஞ்சுதான் போவாங்க."

ஆவுடை நம்பிச் சிரித்துவிட்டு, குழந்தையைத் தூக்கித் தாயின் கையில் கொடுத்தாள். செண்பகவல்லி பேரனின் தலைக்கு மேலாகத் தன் கணவரை நன்றியோடு பார்த்தாள்.